நாற்பத்திரண்டாவது குரல்

கற்பிட்டி வெளிச்சவீட்டிலிருந்து சிலாபம் பாலம் வரைக்கும் உள்ள கரையில், கொம்பியூட்டருக்குள் ஒளிந்துகொண்டு மர்ளியாவிடம் பிடிபடாமல் தப்பிய பிழை ஒன்று இன்னும் பிறக்கவில்லை. சந்திரனுக்கு ராக்கெட் விடுகிறவர்களுக்கு அவருடைய விலாசம் தெரியாது. தெரிந்திருந்தால் ராக்கெட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிவாசல்துறை இறங்குதுறையில் இறக்கிவைத்துவிட்டு, "தாத்தா, இத ஒருக்காப் பாருங்க" என்று வரிசையில் நின்றிருப்பார்கள்; இந்தக் கரையில் தாத்தா என்றால் அக்கா. அவரும் பார்த்திருப்பார். ஆனால் அஸர் தொழுகைக்குப் பிறகுதான். அதற்கு முன் சமையல் இருக்கிறது.

இதை எழுதுகிறவன் அவருடைய மகன் ஹுனைஸ் என்பதால் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான் என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி மர்ளியா நாற்பத்து மூன்று வயதான, மெலிந்த, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிற ஒரு சாதாரணப் பெண். ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு சாக்குப் பையோடு வந்தவர். இப்போது மீனவர் சங்க அலுவலகத்தில் பதிவு எழுதுகிறார்.

அந்த அலுவலகத்தில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது. லினக்ஸில் ஓடுவது. அதற்கு நாள் முழுவதும் பெரிதாக வேலை இல்லை. இருக்கிற ஒரு வேலை பின்னேரத்தில். விடியுமுன் கடலுக்குப் போகும் போட்டுகளைக் காவற்காரர் ஒரு சீட்டில் எழுதிவைப்பார். மர்ளியா வந்து அதைப் பார்த்துக் கொம்பியூட்டரில் பதிவார். போட் திரும்பிக் கரைக்கு வந்ததும் இன்னொரு பதிவு. மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்பு இறங்குதுறை ஒலிபெருக்கியில் அன்றைய பட்டியல் கேட்கும்: போட்டின் பெயர், அதற்கு உரியவரின் பெயர், பிறகு ஒரு மணி. மணி அடித்தால் போட் வந்துவிட்டது. மணி இல்லாவிட்டால் வரவில்லை. மணி இல்லாத பெயரைக் கேட்ட வீட்டில் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவிட்டுக் கடற்கரைக்கு நடப்பார்கள்.

பெயர்களைச் சொல்வது மெசினின் குரல் அல்ல. போட்டைச் சங்கத்தில் பதியும் நாளில் அதற்கு உரியவரே வந்து மைக்கின் முன் நின்று சொல்லவேண்டும். அந்தக் குரல் பிறகு மாறாது. மகன் ஓட்டினாலும் மருமகன் ஓட்டினாலும் முதலில் சொன்னவரின் குரல்தான். மாற்றச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. நாற்பத்தொரு குரலில் பதினொன்று மவுத்தானவர்களுடையது. மகன் கடலுக்குப் போகிறான். அவன் பத்திரமாக வந்து சேர்ந்ததை, மண்ணுக்குள் போய்ப் பத்து வருடமான வாப்பா பின்னேரத்தில் ஊருக்குச் சொல்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு இது பயமாக இருக்கும். பள்ளிவாசல்துறையில் அந்த நேரத்தில் தேத்தண்ணி குடிப்பார்கள்.

போட் ஊரைவிட்டுப் போனால் மட்டும் குரலும் பட்டியலைவிட்டுப் போகும். மர்ளியாவின் கணவர் லத்தீப் டெங்குக் காய்ச்சலில் மவுத்தாகிப் பதினான்கு வருடம். அவருடைய 'நூறுல் பஹ்ர்' உடப்பு என்ற ஊருக்கு விற்கப்பட்டபோது, பதினேழாம் இலக்கக் குரலைப் பட்டியலிலிருந்து எடுத்தவர் மர்ளியாதான். வேறு யார் எடுப்பது. பதிவு எழுதுகிறவர் அவர். குரல் கோப்பை மட்டும் அழிக்கவில்லை.

அந்தக் குரல் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் திரும்பி வந்தது.

மர்ளியா வீட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தார். நாற்பத்தொரு பெயரும் மணியோடு முடிந்தன. "இண்டைக்குப் பட்டியல் முடிஞ்சிது" என்ற வழக்கமான வார்த்தைக்கு முன்னால், ஒலிபெருக்கியில் ஒரு சின்னக் கரகரப்பு. பிறகு:

"நூறுல் பஹ்ர். லத்தீப்."

மணி இல்லை.

கத்தி மீனில் பாதியில் நின்றது. வாசலில் சைக்கிளோடு குந்தியிருந்த ஹுனைஸ் உள்ளே எட்டிப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே சுவர்தான் இருந்தது என்றாலும்.

வயதானவர்கள் அந்தக் குரலை அடையாளம் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். இளம் பெடியன்களுக்கு லத்தீப்பைத் தெரியாது. ஒரு போட் வரவில்லை என்பது மட்டும்தான் விளங்கியது. இரண்டு பேர் உடனே போட்டை இறக்கித் தேடப் போய்விட்டார்கள். யாரோ உடப்புக்குக் கோல் எடுத்தார்கள். போட்டை வாங்கியவரின் மனைவி றஜிதா பேசினார்.

"எங்கட போட்டா? அது ரெண்டு கிழமையாக் கரையில கவிண்டு கிடக்கு. மேல வலை காயுது. ஏன், அங்க வந்ததோ?"

அடுத்த நாள் காலையில் சங்கத் தலைவர் மீரா முகைதீன், மர்ளியா அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர், அலுவலகத்துக்கு வந்தார். கோபக்காரர் அல்ல. ஆனால் கவலை வந்தால் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். அன்றைக்கு மூன்று தரம் கழற்றினார்.

"மர்ளியா, ரெண்டு போட் கடலுக்குப் போய் வந்திரிக்கி. இல்லாத மனிசனத் தேடி."

"நான் பாக்கிறன் நானா."

"பாருங்க. ஆனா நாளைக்கு உண்மையாவே ஒரு போட் வராம, இதுவும் மெசின்ட வேலதான் எண்டு ஆக்கள் இரிந்துட்டா? வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு கூட்டம். அதுக்குள்ள பிழையப் புடிச்சாச் சரி. இல்லாட்டி இத எடுத்துட்டுப் புது முறைக்குப் போவம். எல்லார்ட போனுக்கும் மெசேஜ் வரும்."

"மெசேஜில குரல் இல்லையே நானா."

"குரல் தன்ட பாட்டுக்குக் கதைக்கிறதெண்டா என்னத்துக்குக் குரல்" என்றார் மீரா முகைதீன். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மூன்றாம் இலக்கம் அவருடைய வாப்பாவின் குரல்.

மர்ளியா அன்று முழுவதும் தேடினார். பட்டியலில் பதினேழு இல்லை. பட்டியலை வாசிக்கும் புரோகிராம் பத்து வருடமாகத் தொடப்படாமல் அப்படியே இருந்தது. பின்னேரம் கொம்பியூட்டரின் முன்னாலேயே உட்கார்ந்து கேட்டார். நாற்பத்தொரு குரல், நாற்பத்தொரு மணி, பட்டியல் முடிஞ்சிது. நாற்பத்திரண்டாவது இல்லை.

"நீங்க பக்கத்துல இரிந்தா மரியாதையா நடக்குது" என்றார் செயலாளர் ஹிஸ்புல்லா. "எங்கட ஊட்டுல சில பேரும் இப்பிடித்தான்."

புதன்கிழமை மர்ளியா நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். அன்றைக்குக் குரல் வந்தது. பக்கத்து வீட்டு ஷஃபீனா வேலியால் தலையை நீட்டினாள்.

"தாத்தா, மௌலவியக் கூட்டி வந்து மெசினுக்கு ஓதி ஊதிப் பாக்கலாமா?"

"ஊதினா நல்லதுதான்" என்றார் மர்ளியா. "உள்ளுக்க நெறயத் தூசி."

ஷஃபீனா சிரித்துவிட்டுப் போனாள். மர்ளியா சிரிக்கவில்லை. லத்தீப் குரல் கொடுக்க வந்த நாள் அவருக்கு நினைவில் வந்து நின்றது. கடலிலிருந்து நேராக வந்திருந்தார். சேட்டில் உப்புப் பூத்திருந்தது. நடுக்கடலில் அடுத்த போட்டுக்குக் கேட்கக் கத்துகிற மனிதர், மைக்கைக் கண்டதும் மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ஒரு தரம் போட்டின் பெயரை மறந்தார். ஒரு தரம் தன் பெயரை மறந்தார். ஒரு தரம் சிரிப்பு வந்து கதிரையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டார்.

"என்னயப் பாக்காத. பாத்தாக் கதை வருகுதில்ல" என்றார்.

மர்ளியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று பதிவுசெய்த குரல் அது. அதனால்தான் அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் சுவரைப் பார்க்கிறார். இது ஹுனைஸுக்கு நெடுநாள் விளங்காத விஷயம்.

பிழை பிடிக்கிற வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் பலரும் கேட்பார்கள். அது அகதி முகாமில் தொடங்கியது. இருபது வயதில் அங்கே ஒரு நிவாரண அலுவலகத்தில் தட்டெழுத்து வேலைக்குப் போனார். அங்கிருந்த கொம்பியூட்டர்களில் லினக்ஸ் இருந்தது. இன்டர்நெட் கிடையாது. ஆனால் அந்த மெசினுக்குள்ளேயே அதன் கைநூல் இருந்தது. எந்தக் கட்டளையின் பெயரைச் சொன்னாலும் விளக்கம் வரும். மத்தியானத்தில் மற்றவர்கள் பாண் சாப்பிடப் போகும்போது, மர்ளியா பக்கத்தில் ஓர் அகராதியை விரித்துவைத்துக்கொண்டு அந்தக் கைநூலை வாசிப்பார். கதைப்புத்தகம் வாங்க வழியில்லாதவர்கள் எதை வாசிப்பார்கள்.

ஒரு நாள் நிவாரண அட்டை அச்சிடும் புரோகிராம் நின்றுவிட்டது. 'பிழை' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. வெளியே வெயிலில் முந்நூறு பேர். மர்ளியா, கைநூலில் வாசித்து வைத்திருந்த 'எஸ்ட்ரேஸ்' என்ற கட்டளையை அதன்மேல் ஓடவிட்டுப் பார்த்தார். திரை நிறைய வரிகள் ஓடின. எல்லாரும் பயந்தார்கள். அவருக்கு மட்டும் அதைப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது.

ஏனென்றால் அவர் வளர்ந்ததே கவுண்டர்களின் முன்னால். ஒன்பது வயதிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை வரிசை. அரிசி இருக்கா, இல்லை. அடுத்த கவுண்டர். பதிவு இருக்கா, இல்லை. அடுத்த கவுண்டர். புரோகிராமும் அப்படித்தான். அதற்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாது. ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமா, ஒரு சத்தம் எழுப்ப வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கேர்னல் என்கிற பெரிய கவுண்டரில் போய்க் கேட்கவேண்டும். என்ன கேட்டது, என்ன பதில் கிடைத்தது என்று ஒரு வரியும் விடாமல் எழுதிக் காட்டுவதுதான் எஸ்ட்ரேஸ். புரோகிராம் வெளியே வந்து 'பிழை' என்று ஒரே சொல்லில் அழும். எந்தக் கவுண்டரில், எதைக் கேட்டு, இல்லை என்று அனுப்பப்பட்டது என்பது அந்த வரிகளில் இருக்கும். அன்றைக்கு யாரோ கோப்புகள் இருக்கும் ஓர் அடைவின் பெயரை மாற்றியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் அட்டைகள் அச்சாகின. முந்நூறு பேரில் ஒருவராக உம்மாவும் வரிசையில் நின்றிருந்தார். மகள் உள்ளே என்ன செய்தாள் என்று அவருக்குத் தெரியாது. "இண்டைக்குச் சுருக்கா முடிஞ்சிட்டு" என்று மட்டும் சொன்னார். மர்ளியா இதைச் சொல்லும்போது இன்றும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

நிவாரண அலுவலகம் மூடப்பட்டபோது அங்கிருந்த கொம்பியூட்டர்களில் ஒன்று சங்கத்துக்கு வந்தது. கூடவே மர்ளியாவும் வந்தார். உள்ளே பாகங்கள் எத்தனையோ தரம் மாறிவிட்டன. ஆனால் அவருக்கு அது பழைய ஆள்தான். ஹுனைஸும் கட்டளைகளை அவரிடம் அந்த மெசினில்தான் பழகினான்.

வியாழக்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தான் இருக்கும்போது வராத பிழையைத் தான் இல்லாதபோதுதான் பிடிக்கவேண்டும். பட்டியல் ஓடும் நேரத்துக்கு எஸ்ட்ரேஸும் தானாகத் தொடங்கி, எல்லா வரிகளையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி கட்டளை கொடுத்தார். தன் கணக்கிலிருந்து வெளியேறினார். அலுவலகத்தைப் பூட்டினார். வீட்டுக்கு வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தார். ஹுனைஸ் அன்றைக்கும் எங்கும் போகாமல் வீட்டிலேயே நின்றான். இது அவனுடைய வழக்கம் இல்லை.

"நூறுல் பஹ்ர். லத்தீப்."

மர்ளியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்றைக்கு அவசரம் இல்லை. குரல் முழுவதும் முடியும்வரை துருவலையில் கை அசையவில்லை. இதுதான் கடைசித் தரம் என்று அவருக்குத் தெரியும். நாளைக்குப் பிழை பிடிபட்டால் குரல் போய்விடும். பிடிபடாவிட்டால் நாற்பத்தொரு குரலும் சேர்ந்து போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலையில் கோப்பை விரித்தார். ஆயிரக்கணக்கான வரிகள். அவர் வாசிக்கும் முறை வேறு: எல்லாவற்றையும் வாசிக்க மாட்டார். வழக்கத்துக்கு மாறாக எங்கே பதில் வந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். சத்தத்தை ஒலிக்கவைக்கும் கருவியை, அதுவும் ஒரு சின்னப் புரோகிராம்தான், பட்டியல் புரோகிராம் இரண்டு இடத்தில் தேடும். முதல் கவுண்டரில் எப்போதும் 'இல்லை'. இரண்டாவது கவுண்டரில் 'உண்டு'. பதினொரு வருடத்துக்கு முன்பு ஒலிபெருக்கி வேலைசெய்யாமல் போனபோது பார்த்த வரிகள் அவருக்கு மனப்பாடம்.

இந்தத் தரம் முதல் கவுண்டரே 'உண்டு' என்றிருந்தது.

அதே பெயரில் யாரோ ஒரு போலிக் கருவியை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அது ஒழுங்கான பிள்ளை மாதிரி நாற்பத்தொரு குரலையும் உண்மையான கருவியிடம் கொடுத்து ஒலிக்கவைத்தது. முடிவு வார்த்தை வந்ததும் நின்று, வேறொன்றைக் கேட்டது: இப்போது மெசினில் யார் யார் இருக்கிறார்கள்? மர்ளியா இருக்கிறாரா? இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் ஒருவருடைய அடைவுக்குள் போய் ஒரு குரல் கோப்பைத் திறந்தது. அந்தக் கோப்பின் விலாசமான பாதையில் ஒரு பெயர் இருந்தது. அது யாருடைய பெயர் என்பது இங்கே அவ்வளவு முக்கியமில்லை. அப்படி ஒரு போலியை வைக்க மெசின் முழுவதையும் திறக்கிற ரூட் கடவுச்சொல் வேண்டும். அதைச் செயலாளர் ஹிஸ்புல்லா, மறந்துபோகாமல் இருக்க, அலுவலக அலுமாரியின் கதவில் உள்பக்கமாக ஒட்டிவைத்திருந்தார். வெளிப்பக்கம் ஒட்டினால் பாதுகாப்பில்லை என்று அவருக்குத் தெரியும்.

மர்ளியா நெடுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போலியை எடுத்துப்போட்டார். அலுமாரிக் கதவிலிருந்து காகிதத்தைக் கிழித்தார். கடவுச்சொல்லை மாற்றினார். அந்த ஒரு வரியைக் கடதாசியில் எழுதி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் நிறைய ஆட்கள். தேடப் போன பெடியன்கள் இரண்டு பேரும் முன்வரிசையில். அவர்களில் ஒருவன் நௌஃபர். போன மாதம் கலியாணம் முடித்தவன். அன்றைக்கு அவன் திரும்பும்வரை அவன் மனைவி றிஃப்னா மணலிலேயே நின்றிருக்கிறாள்.

"பிழை பிடிபட்டதா?" என்றார் மீரா முகைதீன்.

"பிடிபட்டது. எடுத்துட்டன். இனி வராது."

"என்னத்தால வந்தது?"

மர்ளியாவுக்குப் பதில் தெரியும். தூசி என்று சொல்லலாம், எல்லாரும் நம்புவார்கள். பெயரைச் சொல்லலாம், எல்லாரும் மன்னிக்க மாட்டார்கள். அவர் எழுந்து நின்றார்.

"ஒரு ஆள் உள்ளுக்க கைவெச்ச. மெசினில பிழை இல்ல. அந்த ஆள் என்ட பொறுப்புல உள்ள ஆள். அதால பிழை என்ட. நௌஃபர், தம்பி, உங்க ரெண்டு பேர்ட்டயும் நான் மாப்புக் கேக்கிறன். றிஃப்னாட்டப் பின்னேரம் ஊட்டுக்கு வந்து கேக்கிறன்."

நௌஃபர் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கென்ன தாத்தா, ஒரு சுத்துச் சுத்திட்டு வந்த" என்றான்.

"யார் அந்த ஆள்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மீரா முகைதீன் தொப்பியைக் கழற்றினார், போட்டார். கேட்டவரைப் பார்க்காமல் மர்ளியாவைப் பார்த்தார்.

"மூண்டாம் இலக்கம் இண்டைக்குக் கேக்குமா?"

"கேக்கும் நானா."

"அப்பிடியெண்டாக் கூட்டம் முடிஞ்சிது."

மர்ளியா அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பத்து நாள் போனது. மீன் கறி வழக்கம்போல இருந்தது, ஏச்சு வழக்கம்போல இருந்தது. ஹுனைஸ், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எண்ணி இந்தக் கதையை எழுதத் தொடங்கினான். உம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதும் ஒரு காரணம். ஓ.எல். பரீட்சையில் தமிழ் மட்டும்தான் அவனுக்குத் தேறியது என்பது இன்னொன்று.

எழுதி முடித்ததைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தான். மர்ளியா கையைத் துடைத்துக்கொண்டு, நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தார். ராக்கெட் வந்த இடத்தில், "விசர்க் கதை" என்றார். நிவாரண அட்டை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுமாரிக் கதவு வந்த இடத்தில் சிரித்தார். பிறகு விரல் ஒரு வரிக்குத் திரும்பிப் போய் அங்கேயே நின்றது.

"மகன், இதுல பாதையில ஒரு பேர் இரிந்திச்சி எண்டு எழுதியிரிக்கிறாய்."

"ஓம்."

"அந்தப் பேர எழுதல்ல."

"அது பெரிசா முக்கியமில்ல உம்மா."

"யாருக்கு?"

ஹுனைஸ் தண்ணீர் குடிக்கப் போனான். கோப்பை கையில் இருந்தது. குடிக்கவில்லை.

"அந்தச் சாமான் நான் மெசினில இரிக்கிறனா எண்டு பாத்திச்சி" என்றார் மர்ளியா. "முதல்ல நான் நெனச்சன், என்னட்ட இருந்து ஒளிக்கிறதுக்கெண்டு. பொறகுதான் விளங்கினது. நான் அங்க இரிந்தாக் கதைக்காது. நான் ஊட்டுக்கு வந்து, நீயும் ஊட்டுல நிக்கக்குள்ளதான் கதைக்கும். குரல் வந்த மூண்டு நாளும் பின்னேரத்துல நீ வெளிய போகல்ல."

"சும்மா ஒரு பகிடிக்கு உம்மா."

"ஓம். பகிடிதான்."

அவர் கைப்பையைத் திறந்து மடித்துவைத்திருந்த கடதாசியை எடுத்து, அவன் எழுதிய பக்கத்தின் மேல் விரித்துவைத்தார். பிறகு பேனையை அவன் பக்கம் தள்ளினார்.

"வாப்பாட குரல் கேக்கோணுமெண்டா என்னட்டக் கேட்டிரிக்கலாம்தானே" என்றார். "இப்ப எழுது."

அந்தப் பாதையில் இருந்த பெயர் ஹுனைஸ்.